மூன்று மீட்டர்

பெட்டியைக் கவிழ்த்து
பதினாறு ஸ்க்ரூவையும் டீ டம்ளரில் போட்டாயிற்று.
உள்ளே பஞ்சு, கரப்பான் முட்டை,
போன தை மாதம் எருது விட்ட தெருவின் செம்புழுதி.
ஒயரின் தோல் உருகி
காந்தத்தின் முதுகில் ஒட்டிக் கிடக்கிறது.

நாலு ஸ்கொயர் போட்டுடலாம் என்கிறார் திம்மராயன்,
தடியா இருந்தாதான் அடி நிக்கும்.
இராயக்கோட்டையில் எல்லாவற்றுக்கும் இதுதான் கணக்கு,
தாம்புக் கயிறு, காளையின் திமில், மாப்பிள்ளைக்குப் போடும் சங்கிலி.

நான் ஓசூரில்
காருக்கு நரம்பு கட்டும் கம்பெனியில்
ஷிப்டுக்குத் தொள்ளாயிரம் லக் அழுத்துகிறவள்.
கண்ணுக்கு முன்னால் என் விரல் ஒயரைப் பார்த்துவிடும்.
நாலு ஸ்கொயர் ஸ்பீக்கரின் சின்னக் காதுக்குள் நுழையாது.
நுழைக்கப் பாதி இழையை வெட்டுவீர்கள்.
வெட்டின பிறகு அதில் மிஞ்சுவது
நாலு என்கிற பேர்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மூன்று கடை.
முதல் கடையில்
பளபளவென்று சிவப்பும் கறுப்புமாய் இரட்டை.
கையில் வாங்கினேன், கனமே இல்லை.
பிளேடால் ஒரு கீறல்.
செம்புக்கு அடியில் வெள்ளை இளித்தது.
சவுண்டு எல்லாம் ஒண்ணுதான்க்கா என்றான் பையன்.
ஒண்ணுதான் தம்பி, முதல் வருஷம்.

அடுத்ததில் வீட்டுச் சுவருக்குப் போடும் ஒற்றைக் கம்பி.
மடக்கினால் மடங்கின இடத்திலேயே நிற்கும்.
நல்ல குணம்தான்.
ஆனால் பேஸ் பெட்டிக்குள்
ஒவ்வொரு அடிக்கும் காற்று எழுந்து எழுந்து உட்காரும்,
கூட நடுங்கத் தெரியாதது
என்றைக்காவது பற்றவைப்பில் ஒடியும்.

மூன்றாவதில், மூலையில், மங்கலாக ஒரு சுருள்.
இரண்டரை ஸ்கொயர், மயிரிழைச் செம்பு,
சூடு தாங்கும் தோல்.
விலையைக் கேட்டுத் திம்மராயன் கூரையைப் பார்த்தார்.
எத்தனை மீட்டர்?
மூணு.
மூணு மீட்டருக்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறினோம்?

ராத்திரி. ஈயம் புகைகிறது.
பழசைப் பிடுங்குமுன் எது எங்கே போகிறதென்று
அட்டையில் வரைந்துகொண்டிருந்தேன்.
மேல் ஸ்பீக்கர்: சிவப்பு, சிவப்புக்கு.
கீழ் ஸ்பீக்கர்:
மறுபடி பார்த்தேன்.
சிவப்பு, கறுப்புக்கு.

ஒன்று வெளியே தள்ளும்போது
மற்றது உள்ளே இழுத்திருக்கிறது, மூன்று வருஷமாய்.
ஆம்பிளிஃபயரைத் திட்டினோம், பலகையைத் திட்டினோம்,
ஜெனரேட்டர்காரருக்குக் காசு பிடித்தோம்.
கெலமங்கலம் கல்யாணத்தில்
இது பெட்டியா பீரோவா என்று பெண்வீட்டார் கேட்டார்கள்.
அடி வரவில்லை அடி வரவில்லை என்று
ஊருக்கு ஊர் வால்யூமைக் கூட்டினோம்.
கருகினது அப்படித்தான்.

கடைசியாக இதைத் திறந்தது முனிரத்தினம்,
கூட்டு பிரிவதற்கு முந்தின வாரம்.
பாகத்தில் பெட்டி எங்களுக்கு, வண்டி அவருக்கு.

திம்மராயன் அட்டையை வாங்கி விளக்கில் பிடித்தார்.
கரண்ட் இல்லாத நேரத்துல மாத்திக் குடுத்திருப்பான் என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
அவன் கைக்கு எப்பவும் தப்பு வராதே என்றார்.
பிறகு தக்காளி மண்டியிலிருந்து
இரண்டு லாரி போகிறவரை பேசவில்லை.

டிவி ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி முனையில் தொட்டேன்.
இரண்டு கூம்பும் ஒரே பக்கம்
ஒரு நூல் முன்னே வந்தன.
ஒயர் பலகையில் மோதிக் கிறுகிறுக்காமல் இறுக்கிக் கட்டி
அடுத்துத் திறக்கிறவருக்கென்று
ஒரு வளையம் விட்டேன்.

மிச்சம் முக்கால் மீட்டர்.
குப்பைக்கு எடுத்துப் போனவளை
வை, இருக்கட்டும் என்றார்.
அவன் பெட்டிக்கும் இதே வயசுதானே.
அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

மணி பதினொன்று. அக்கம்பக்கம் தூங்குகிறது.
வால்யூமைக் கால் மாத்திரை மட்டும் திறந்தோம்.
பாட்டு ஏறக்குறையக் கேட்கவில்லை.
போட மறந்த ஒரு ஸ்க்ரூ மட்டும்
டம்ளருக்குள் கிணுகிணுவென்று
ஆடத் தொடங்கியது.